கரீபியன் கரையில் ஒரு கிழமை: கையில் இருக்கிற காசுக்கு எந்தத் தீவு?

சித்தியின் மகள் போன மாதம் இரவு பத்தரைக்கு அழைத்தாள். "அண்ணை, புன்டா கானா விளம்பரம் ஒண்டு வந்திருக்கு. சாப்பாடு, ரூம், பிளேன் எல்லாம் சேர்த்து ஒரே விலை. நாளைக்கு ஏறிடும் எண்டு போட்டிருக்கு. எடுக்கட்டே?" யார் யார் போகிறீர்கள் என்று கேட்டேன். அவள், மனுசன், பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள், மாமி. மாமி மரக்கறி, அதுவும் முட்டை பட்ட கரண்டியைத் தொடாத மரக்கறி. "இப்ப எடுக்காதே, காலமை கதைப்பம்" என்று போனை வைத்தேன்.

ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கினால் இந்தக் கேள்வி யார் வீட்டிலாவது வந்துகொண்டேதான் இருக்கும். நாலரை, ஐந்து மணி நேரம் பறந்தால் வெயிலும் கடலும். ஆனால் வீட்டுக் கடன் கட்டுகிற குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு பயணம்தான் சாத்தியம். அது பிழைத்தால் அடுத்த வருடம் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். அதனால் நான் தங்கிப் பார்த்த மூன்று வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டொமினிக்கன் குடியரசின் பாவரோ கரையில், புன்டா கானா விமான நிலையத்துக்குக் கிட்ட, மூன்று அல்லது மூன்றரை நட்சத்திர 'எல்லாம் அடக்கம்' விடுதி. இரண்டு, பார்படோஸ் தெற்குக் கரையில் சமையலறை உள்ள அபார்ட்மென்ட். மூன்று, டொபேகோவின் கிரவுன் பொயின்ட் பக்கத்தில் சின்ன விருந்தினர் இல்லம். ஐந்து நட்சத்திரம், தேனிலவு மாளிகை எல்லாம் வேறு ஆட்களின் கதை.

## முதலில் எதை அளப்பது?

நட்சத்திரத்தை நம்பாதீர்கள். பயண நிறுவனங்கள் தாங்களே போடுகிற நட்சத்திரமும் உண்டு, ஹோட்டல் தனக்குத்தானே குத்திக்கொண்டதும் உண்டு. நான் வேறு ஐந்து விஷயங்களை அளப்பேன்.

சாப்பாட்டுத் தட்டு. ஐந்து பேர், ஏழு நாள், மூன்று வேளை: 105 தட்டு. சுற்றுலாச் செலவின் பெரிய ஓட்டை இதுதான், விளம்பரத்தைப் பார்க்கும்போது ஒருவரும் எண்ணுவதில்லை. ஒரு தட்டுக்குச் சராசரியாக 15 அமெரிக்க டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 1,575 டாலர். அதில் 70 தட்டை நீங்களே சமைத்து, 35 தட்டை மட்டும் வெளியில் வாங்கினால் 525. மளிகைச் செலவு தனி. எந்தத் தெரிவு உங்களுக்கு மலிவு என்பதைப் பாதி முடிவு செய்வது இந்தக் கணக்குத்தான்.

வாசலிலிருந்து வாசல் வரை. விமானச் சீட்டு மட்டுமல்ல. சூட்கேஸுக்கு எவ்வளவு, குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்க எவ்வளவு, விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எவ்வளவு, இடையில் இன்னொரு விமானம் மாறவேண்டுமா என்பதெல்லாம்.

கடல். படத்தில் எல்லாக் கடலும் நீலம்தான். ஏழு வயதுப் பிள்ளை இறங்கலாமா, எழுபது வயது மாமி முழங்கால் வரைக்கும் நிற்கலாமா என்பதுதான் கேள்வி.

மரக்கறி. வீட்டில் ஒருவர் மரக்கறி என்றாலும் இது தனி அளவுகோல்.

வேலிக்கு வெளியே. கேற்றைத் தாண்டி நடந்தால் கடை, பஸ், மனிதர் உண்டா, இல்லை டாக்சி மட்டும்தானா?

## பாவரோ: கையில் பட்டி, தலையில் கவலை இல்லை

புன்டா கானா விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது கூரை. பனையோலை வேய்ந்த கூரை, எங்கள் ஊர்க் கொட்டிலைப் பெரிதாக்கியது மாதிரி. மாமிமாருக்குக் கட்டின காசில் அரைவாசி அங்கேயே தேறிவிடும். வெளியே பொதிப் பயணக்காரருக்கான, அதாவது எல்லாம் சேர்த்து ஒரே விலையில் வாங்கியவர்களுக்கான, பஸ் நிற்கும். விடுதியில் கையில் ஒரு பட்டியைக் கட்டிவிடுவார்கள். திரும்பும் வரைக்கும் பேர்ஸைத் தேடத் தேவையில்லை.

இதன் பலம் அதுதான். 105 தட்டும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. பதின்ம வயதுப் பெடியன் நாலு முறை சாப்பிட்டாலும், மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு ஹம்பேர்கர் விழுங்கினாலும் உங்களுக்கு நோகாது. மணல் வெள்ளை, கரையோரம் ஆழம் குறைவு, தொலைவில் பவளப்பாறை அலையை உடைத்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு, சர்காசம் என்ற கடற்பாசி கரையில் குவியாத நாளில் இதைவிட நல்ல கடல் கிடைப்பது கஷ்டம். அந்தச் சர்காசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறைவான செலவுகள் மூன்றரை நட்சத்திரத்தில்தான் கூட. விலை பெரும்பாலும் 'ஓர் அறையில் இருவர்' என்ற கணக்கில் போடப்பட்டிருக்கும். ஐந்து பேர் என்றால் இரண்டு அறை; பல விடுதிகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முழு விலை. அறையில் சின்ன இரும்புப்பெட்டி இருக்கும், சாவிக்குக் காசு கேட்கிற இடமும் உண்டு. 'கடல் பார்த்த அறை' என்று மேலதிகமாகக் கட்டி, பல்கனியில் எட்டிச் சாய்ந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு நீலக் கோடு. அதுவும் கடல்தான், வழக்குப் போட முடியாது. குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. போத்தல் தண்ணீர் கொடுப்பார்கள், பல் தீட்டவும் அதையே பாவியுங்கள்.

அடுத்தது காலைச் சாப்பாடு என்ற பொறி. நாங்கள் போன முதல் வருடம், வந்த மறுநாள் வரவேற்பு மேசையில் இருந்த ஒரு சிரித்த முகம் எங்களை 'விசேஷக் காலைச் சாப்பாட்டுக்கு' அழைத்தது. சுற்றுலாவுக்குக் கழிவும் தருவார்களாம். போனால், மூன்று மணி நேரம் ஏசி அறையில் இருத்தி, முப்பது வருடத்துக்கு ஒரு விடுமுறைக் கழகத்தில் சேரச் சொல்லி மாறி மாறி மூன்று பேர் கதைத்தார்கள். மூன்றாவது ஆள் என் மனைவியின் கையெழுத்து அழகாக இருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னார். கையெழுத்துப் போடாமல் வந்தோம், ஆனால் ஏழில் ஒரு காலை போய்விட்டது. 'வேண்டாம், நன்றி' என்று நடையை நிறுத்தாமல் சொல்லிப் பழகுங்கள்.

நாட்டுக்குள் போகவும் வரவும் நிரப்பவேண்டிய இணையப் படிவம் இலவசம். அரசாங்கத் தளம் மாதிரியே வேடம் போட்டு அதற்குக் காசு வாங்குகிற தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். ஒருவருக்கு முப்பது டாலர் என்று ஐந்து பேருக்குக் கட்டிவிட்டு வந்து பெருமையாகச் சொன்ன உறவினரும் எனக்கு உண்டு.

மரக்கறிக்காரர் பட்டினி கிடக்கமாட்டார்கள், ஆனால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். சோறு உண்டு, பொரித்த வாழைக்காய் உண்டு, பழம் தாராளம். காலையில் வாழைக்காயை அவித்து மசித்த 'மங்கு' கேளுங்கள். மேலே வெங்காயம் போட்டிருப்பார்கள், பக்கத்தில் வைக்கிற சலாமியையும் முட்டையையும் வேண்டாம் என்று சொன்னால் போதும். சிவப்பு அவரை என்று நம்பிப் போடுகிற கறியில்தான் பன்றித் துண்டோ கோழிச் சாறோ ஒளிந்திருக்கலாம். 'சின் கார்னே, சின் போயோ' (இறைச்சி இல்லாமல், கோழி இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும், ஏனென்றால் அங்கே பலருக்குக் கோழி இறைச்சியில் சேர்த்தி இல்லை. பொரிக்கிற எண்ணெய் ஒன்றுதான், எடுக்கிற இடுக்கியும் ஒன்றுதான். தங்கச்சியின் மாமி மாதிரி ஆட்களுக்கு இது ஓடாது.

கேற்றுக்கு வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் நடந்தால் பிபிகாவா என்ற நினைவுப்பொருள் சந்தை உண்டு; சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். மற்றபடி சுற்றுலாப் பஸ், டாக்சி. ஒரு கிழமை டொமினிக்கன் குடியரசில் இருந்துவிட்டு ஒரு டொமினிக்கன் வீட்டு வாசலையும் காணாமல் திரும்பலாம். சிலருக்கு அது குறை. இரட்டை வேலை செய்து களைத்து வந்தவருக்கு அதுவே வரம்.

## பார்படோஸ்: சமைக்கத் தெரிந்தவரின் தீவு

பார்படோஸ் விலை கூடின இடம் என்று பேர். மேற்குக் கரைக்கு அது உண்மை. தெற்குக் கரையில், ஹேஸ்டிங்ஸிலிருந்து ரொக்லி, வேர்திங், சென்ட் லோரன்ஸ் கப், டோவர், ஒயிஸ்டின்ஸ் வரைக்கும் ஒரே நெடுஞ்சாலையில் கோத்த மணி மாதிரி, சின்னச் சின்ன அபார்ட்மென்ட்டுகள் இருக்கின்றன. இரண்டு படுக்கை அறை, ஒரு கூடம், அடுப்பு, பிரிட்ஜ். விலை ஆளுக்கு இல்லை, அறைக்கு. இரண்டு பேர் போனால் இது நட்டம்; ஐந்து பேர் போனால் லாபம். இந்த ஒரு வரியை எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வடிந்த நிலத்தடி நீர். ஐந்து பேருக்கு ஏழு நாள் போத்தல் தண்ணீர் வாங்காமல் விடுவது சின்ன மிச்சம் இல்லை. மின்சாரம் 115 வோல்ட், சொருகி கனடாவில் இருக்கிறதேதான்; வீட்டு ரைஸ் குக்கர் அப்படியே வேலை செய்யும். சூட்கேஸில் ஒரு மூலையில் பருப்பு, கடையில் வாங்கி முத்திரை உடைக்காத தூள் பைக்கற், தேங்காய்ப்பால் மா, சோயாமீற். சுங்கப் படிவத்தில் உணவு என்று மறைக்காமல் எழுதுங்கள். இறைச்சி, பழம், செடி கொண்டுபோகாதீர்கள். அரிசி அங்கேயே வாங்கலாம்.

மற்ற மளிகைதான் நெஞ்சைப் பிடிக்கும். பெரும்பாலானவை கப்பலில் வருகிறவை. பார்படோஸ் டாலர் 1975இலிருந்து அமெரிக்க டாலருக்கு இரண்டு என்றே நிற்கிறது, அதனால் கணக்கு இலகு: விலைச்சீட்டைப் பாதியாக்குங்கள், அமெரிக்க டாலர். பாதியாக்கிய பிறகும் சீஸ், திராட்சை, யோகட் விலையைப் பார்த்துக் கண் பிதுங்கும். இறக்குமதியை விட்டுவிட்டு ஈரப்பலா, வத்தாளை, பூசணி, வாழைக்காய், உள்ளூர் மீன் என்று இறங்கினால் ஊர்ச் சமையலே வந்துவிடும்.

மீனுக்கு ஒயிஸ்டின்ஸ் சந்தை. மேசையில் வெட்டித் துப்புரவாக்கித் தருவார்கள். நாங்கள் போன வியாழன் காலை ஓர் அம்மா கோலா மீனை, அதுதான் பறக்கும் மீனை, ஒன்றன்பின் ஒன்றாக விரித்து முள் எடுத்த வேகத்தை என் மனைவி பத்து நிமிடம் நின்று பார்த்தாள். கத்தி மேசையில் தட்டுகிற சத்தமே ஒரு தாளக்கட்டு. பலகையில் 'டொல்பின்' என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் பதறவேண்டாம், அது மஹி-மஹி என்ற மீன். அன்று இரவு அந்தக் கோலா மீனுக்கு எங்கள் தூளைத் தடவிப் பொரித்தோம். வெள்ளிக்கிழமை இரவு அதே ஒயிஸ்டின்ஸில் மீன் பொரிக்கிற கடைகள், பாட்டு, கூட்டம்; மக்கரோனிப் பையும் பொரித்த மீனும் ஒரு தட்டு எடுத்தால் இரண்டு பேர் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை விரதக்காரரை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டி வரும், அதுதான் ஒரே சிக்கல்.

பஸ் இங்கே உண்மையான பஸ். கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர், எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றே. நீலப் பஸ் அரசுடையது, மஞ்சள் தனியார், வெள்ளையில் மரூன் கோடு போட்ட வான் 'ZR', அதாவது 'செட்-ஆர்'. செட்-ஆருக்குள் ஏறினால் யாழ்ப்பாணம் மினிபஸ் நினைவுக்கு வரும்: இருக்கைக்கு மூன்று பேர், நெஞ்சு அதிரப் பாட்டு, 'தள்ளி இருங்கோ' என்று அதட்டுகிற நடத்துநர். தலைநகர் பிரிஜ்டவுனுக்கும் ஒயிஸ்டின்ஸுக்கும் இடையில் நாள் முழுக்க ஓடும். டாக்சிக்கு ஒதுக்கிய காசில் பெரும்பகுதி மிஞ்சியது எங்களுக்கு.

கடற்கரைகள் எல்லாம் பொது; எந்த ஹோட்டலும் மறித்து வைக்க முடியாது. சாய்கதிரைக்கும் குடைக்கும் மட்டும் வாடகை, துவாய் விரித்தால் அதுவும் இல்லை. வேர்திங் கரையில் பாறை அலையை மறிப்பதால் தண்ணீர் அமைதி. டோவரில், ரொக்லியில் அலை இருக்கும், கொடி பார்த்து இறங்குங்கள். ரொக்லியிலிருந்து ஹேஸ்டிங்ஸ் பக்கம் கடலோரமாகப் போகிற நடைபாதை மாமிக்கானது: சமதரை, இருக்க வாங்கு, காற்று.

மறைவான செலவு: வாடகை விலைக்கு மேல் வரியும் பத்து வீதச் சேவைக் கட்டணமும் சேர்கிறதா என்று கேளுங்கள். ஏசிக்குத் தனியாகக் கணக்குப் போடுகிற இடங்களும் உண்டு. விமான நிலையத்திலிருந்து டாக்சி உங்கள் பொறுப்பு. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அது காசில் இல்லை: யார் சமைப்பது? வீட்டில் ஆயிரத்தெட்டு வேளை சமைக்கிற பெண்ணைக் கடல் கடந்து கூட்டிக்கொண்டுபோய் அங்கேயும் அடுப்படியில் நிறுத்தினால் அது அவளுக்கு விடுமுறை இல்லை. ஆண்கள் காலையும் பிள்ளைகள் இரவுப் பாத்திரமும் என்று போகுமுன்பே பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாத வீடு என்றால் பாவரோவுக்கே போங்கள், நான் தடுக்கமாட்டேன்.

ஒரு சின்ன எச்சரிக்கையும். இராணுவப் புள்ளிச் சீருடை மாதிரி உடுப்பு பார்படோஸில் சட்டப்படி தடை, குழந்தையின் தொப்பியில் இருந்தாலும்தான். டொபேகோவிலும் அதே சட்டம்.

## டொபேகோ: ஸ்காபரோவிலிருந்து ஸ்காபரோவுக்கு

டொபேகோவின் தலைநகரின் பெயரும் ஸ்காபரோதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஸ்காபரோவுக்கு விடுமுறை போகிறோம் என்று வேலையிடத்தில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஸ்டோர் பே கடற்கரைக்கு நடந்து போகலாம். உண்மையாகவே நடந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு. சுற்றியுள்ள தெருக்களில் ஆறு, எட்டு அறை வைத்த இல்லங்கள். முற்றத்தில் மாமரம், சொந்தக்காரி முன்வீட்டில். மூன்று தெரிவிலும் ஆகக் குறைந்த தங்குமிடச் செலவு எனக்கு இங்கேதான் வந்தது. ஆகக் கூடிய பயணச் செலவும் இங்கேதான். பெரும்பாலும் பக்கத்துத் தீவான ட்ரினிடாட்டின் பியார்கோ விமான நிலையத்தில் இறங்கி, இன்னொரு சின்ன விமானம் மாறவேண்டும். பறக்கிற நேரம் அரை மணிகூட இல்லை, ஆனால் காத்திருப்பு எங்களுக்கு ஒரு முறை ஆறு மணி நேரம் ஆனது. முதல் நாள் இரவுக்குக் கட்டிய அறை வாடகை அப்படியே போச்சு. ட்ரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயினிலிருந்து கப்பலும் உண்டு, மலிவு, ஆனால் வயிறு தாங்கவேண்டும்.

சாப்பாடுதான் என்னை மயக்கியது. ட்ரினிடாட்டுக்கு 1845இலிருந்து 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் போனார்கள். கூடுதலானோர் வட இந்தியர், சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் அதில் ஒரு பகுதி. அந்தக் கலப்பில் பிறந்த 'டபிள்ஸ்' என்ற காலைப் பலகாரம் இரண்டு மென்மையான வடை மாதிரி ரொட்டி, நடுவே கடலைக்கறி, மேலே புளி, வெள்ளரி, மிளகாய்ச் சட்னி. முழு மரக்கறி. 'கொஞ்சம் மிளகாய்' என்றால் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே அர்த்தம். பருப்பு அரைத்து உள்ளே வைத்த 'டால்பூரி' ரொட்டிக்குள் கடலையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுற்றித் தருவார்கள். பியார்கோவில் காத்திருந்த அந்த ஆறு மணி நேரத்தைத் தாங்க வைத்தது இதுதான். டொபேகோவில் இந்திய வம்சாவளியினர் குறைவு, ஆனாலும் ரொட்டிக் கடை கிடைக்கும்.

டொபேகோவின் சொந்தச் சாப்பாடு ஸ்டோர் பேயில் வரிசையாக இருக்கிற பெண்களின் கடைகளில்: நண்டுக்கறியும் மாவுருண்டையும். நண்டு ஓட்டோடு கறியில் கிடக்கும், கையால்தான் உடைக்கவேண்டும், சட்டையில் தெறிக்கும். பக்கத்தில் 'கலலூ' என்று கரும்பச்சையாக ஒன்று வைப்பார்கள்: சேம்பு இலையும் வெண்டிக்காயும் தேங்காய்ப்பாலில் அவித்து மசித்தது. என் அம்மா அதைச் சுவைத்துவிட்டு, "இது எங்கட கீரைக்கடையல்தானே, உப்புத்தான் கூட" என்றார். அதற்குள் நண்டோ உப்பிறைச்சியோ போடுகிற வழக்கம் உண்டு, மரக்கறிக்காரர் கேட்டு வாங்கவேண்டும்.

கடல்: ஸ்டோர் பே சின்னது, நன்றாக இருக்கும். பிஜன் பொயின்ட் அழகு, நுழைய ஒரு சின்னக் கட்டணம். புக்கூ பவளப்பாறைக்குக் கண்ணாடி அடித்தளப் படகில் கூட்டிப்போவார்கள். விலையைக் கரையில் நின்றே பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். பவளத்தின் மேல் நிற்கச் சொன்னால் நிற்காதீர்கள், காலும் வெட்டும் பவளமும் சாகும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். ட்ரினிடாட் அண்ட் டொபேகோவில் 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜூலையிலும் குற்றங்கள் காரணமாக அவசரநிலை அறிவித்தார்கள். பிரச்சினையின் மையம் ட்ரினிடாட் நகரங்கள், டொபேகோ கடற்கரை அல்ல. ஆனாலும் காசு கட்டுமுன் கனடிய அரசின் பயண அறிவுறுத்தலைப் பாருங்கள். பயணக் காப்புறுதி அந்த அறிவுறுத்தலின் மட்டத்தைப் பார்த்துத்தான் செல்லும், செல்லாமலும் போகும்.

## மூன்றுக்கும் பொதுவான இரண்டு வில்லன்கள்

ஒன்று சர்காசம். 2011இலிருந்து அத்திலாந்திக்கில் மிதந்து வந்து கரையில் குவிகிற பழுப்புக் கடற்பாசி. கூடுதலாக ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை. அது அழுகினால் கூழ்முட்டை நாற்றம். அந்த வாயு வெள்ளிக் கொலுசையும் கறுப்பாக்கும். பாவரோ கிழக்கைப் பார்த்த கரை, நேராக வாங்கும். பெரிய விடுதிகள் கடலில் தடுப்பு போட்டு, காலையில் இயந்திரத்தால் அள்ளுகின்றன. மலிவு விடுதியில் நாலு பேர் முள்ளுக்கரண்டியோடு நிற்பார்கள். பார்படோஸின் தெற்குக்கும் வரும், ஆனால் அங்கே 3.50 கொடுத்து மேற்குக் கரைக்குப் பஸ் ஏறலாம். டொபேகோவின் கரீபியன் பக்கத்துக் கரைகள் அத்திலாந்திக் பக்கத்தை விடத் தப்பிக்கும். முற்பணம் கட்டிப் பட்டி கட்டினவர்தான் இதில் ஆக மாட்டிக்கொள்கிறவர். மலிவு விலை போடுகிற மே, ஜூன் மாதங்களின் இரகசியமும் இதில் பாதி.

மற்றது சூறாவளி: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2022 செப்டம்பரில் பியோனா டொமினிக்கன் குடியரசின் கிழக்கு முனையில் ஏறியது. 2024 ஜூலையில் பெரில் பார்படோஸின் மீன்பிடிப் படகுகளை நொறுக்கியது, அதுவும் தீவுக்குத் தெற்கே கடந்துபோனபோதே. டொபேகோ வழக்கமான பாதைக்குத் தெற்கே இருக்கிறது. அதற்காக விதிவிலக்கு இல்லை, 1963இல் புளோரா அந்தத் தீவைக் கிழித்துப் போட்டது.

இங்கே காப்புறுதி. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பு வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர்தான் தரும். அது கட்டிலுக்கும் காணாது. மாமிக்கு ஏற்கெனவே இருக்கிற இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் காப்புறுதிப் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் கட்டின காசு தண்ணீரில். இன்னொன்று: ஒன்ராறியோவில் பதிவு பெற்ற முகவரிடம் பொதியாக வாங்கினால், அந்த நிறுவனமோ விமான நிறுவனமோ வங்குரோத்தானால் மாகாண இழப்பீட்டு நிதியில் ஆளுக்கு 5,000 டாலர் வரை கோரலாம். பார்படோஸ் அபார்ட்மென்ட்டை நேரே வீட்டுக்காரரிடம் எடுத்தால் அந்தக் குடை இல்லை.

| | பாவரோ விடுதி | பார்படோஸ் தெற்கு | டொபேகோ |
|---|---|---|---|
| விலை போடும் முறை | ஆளுக்கு | அறைக்கு | அறைக்கு |
| சாப்பாடு | விலைக்குள் | சமைத்தால் மட்டும் மலிவு | கடையிலும் தாங்கலாம் |
| கடும் மரக்கறி | கஷ்டம் | சொந்த அடுப்பு, சுகம் | டபிள்ஸ், ரொட்டி உண்டு |
| போய்ச்சேருதல் | நேர் விமானம், பஸ் | நேர் விமானம், டாக்சி | பெரும்பாலும் மாறவேண்டும் |
| குழாய்த் தண்ணீர் | குடிக்காதீர்கள் | குடிக்கலாம் | போத்தல் நல்லது |
| சர்காசம் வந்தால் | மாட்டினீர்கள் | வேறு கரைக்குப் பஸ் | ஓரளவு தப்பலாம் |

## கியூபா ஏன் இல்லை?

விலையில் கியூபாவின் வரதேரோவை அடிக்க ஆள் இல்லை, பத்து வருடத்துக்கு முன் என்றால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். 2024 ஒக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் விழுந்தது. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. விடுதியில் மின்பிறப்பாக்கி ஓடலாம், ஆனால் வேலைசெய்கிறவர் இருட்டு வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்துகொண்டு பஃபேயில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபா போனவர்கள் விசா இல்லாமல் இணைய அனுமதியோடு அமெரிக்கா போகிற வசதியை இழக்கிறார்கள். நேர்முகத்துக்குப் போய் விசா எடுக்கவேண்டும். மலிவு விடுமுறைக்கு அது பெரிய விலை. கனடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இது பொருந்தாது.

## யாருக்கு எது?

பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், மீன் இறைச்சி சாப்பிடுகிற பெரியவர்கள், ஒரு கிழமைக்கு ஒன்றும் யோசிக்க விருப்பமில்லை: பாவரோ. ஜனவரியிலோ பெப்ரவரியிலோ போங்கள், மார்ச் பள்ளி விடுமுறையைத் தவிருங்கள். அந்தக் கிழமை விலை குதிரை ஏறும். மூன்றரைக்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிக்கவேண்டாம், அந்த மிச்சம் வயிற்றோட்டத்தில் போகும்.

நாலு பேருக்கு மேல், பத்து நாளாவது நிற்கலாம், சமையலைப் பங்கிடுகிற வீடு, கடும் மரக்கறி ஒருவராவது: பார்படோஸ். ஐந்து நாள் மட்டும் என்றால் வாங்கின உப்பும் எண்ணெயும் முடியுமுன் திரும்பவேண்டி வரும்.

இரண்டு பேர், கைப்பை மட்டும், விமானம் பிந்தினால் சிரிக்கத் தெரிந்தவர்கள்: டொபேகோ. வயதானவரைக் கூட்டிக்கொண்டு பியார்கோவில் இரவு மாறுகிற சீட்டை எடுக்காதீர்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட அட்டையுமாக வருகிறவர் வீட்டில் இருந்தால் மூன்று நாட்டின் விசா விதியும் ஒன்றல்ல, காசு கட்டுமுன் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்திலேயே பாருங்கள். வதிவிட அட்டையின் முடிவுத் திகதியையும் பாருங்கள்; திரும்பி ஏற அது வேண்டும்.

தங்கச்சிக்குக் காலமை இதையெல்லாம் சொன்னேன். "ம்... ம்..." என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள், சம்மதமா இல்லையா தெரியவில்லை. மூன்று நாள் கழித்து வேலையில் நிற்கும்போது மாமியின் நம்பரிலிருந்து அழைப்பு.

"தம்பி, அந்தப் பார்படோசுக்கு அஞ்சு பேருக்கு எத்தினை கப் ரைஸ் குக்கர் காணும்?"